பின்னந்தலையில விட்டுப்போனது

கண்ணு,

போன ஞாயித்துக்கெழம நீ போன் பண்ணி வச்சதுல இருந்து எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியல. இந்தக் காயிதத்த எழுத ஆரம்பிச்சே மூணு நாளாச்சு. நாலு வரி எழுதறேன், எழுந்து பூடறேன். தெருமுனை வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்து மறுபடியும் நாலு வரி. போன்லயே சொல்லிடலாம்னு பாத்தேன். வாட்ஸப்புல பேசி அனுப்பலாம்னு நாலு தடவ அமுக்கிப் புடிச்சுக்கினு பேசினேன், நாலையும் நானே அழிச்சுட்டேன். என் கொரல நானே கேக்க சகிக்கல. அதான் கடையில ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கியாந்து எழுதறேன். தப்பு இருந்தா சிரிக்காத. உன் நைனா எட்டாவதோட நின்னவன், ஓசூர் கம்பெனியில இங்கிலீஸ்ல மெயில் போடறவனுக்கு எழுதறேன், பாத்துக்கோ.

நீ இன்னா சொன்ன? தை கிருத்திகைக்கு வரோம், பாப்பாவுக்குப் பதினோராம் மாசம், மொத மொட்டை நம்ம மலைக்கோயில்லதான், தாய்மாமன் மடியில வச்சுக்குவான், நீதான் நைனா எடுக்கணும்னு சொன்ன. கேக்கச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அத்தோட நீ நிறுத்தியிருக்கலாம். பக்கத்துல மருமவ, அவங்க அம்மா, அப்பா எல்லாரும் கேட்டுக்கினு இருக்கறப்ப, "எங்கம்மாவுக்கு எடுத்த அதே கையாலதான் எம் பொண்ணுக்கும் எடுக்கணும்"னு சொன்ன. சம்பந்தியம்மா போனை வாங்கி, "அந்த மாதிரி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் அண்ணா"ன்னாங்க. நான் "ஆங், ஆங்"னு சொல்லிட்டு, சார்ஜ் தீந்துபோச்சுன்னு சொல்லி வச்சுட்டேன். சார்ஜ் இருந்துச்சு கண்ணு. சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உங்கம்மாவுக்கு நான் மொட்டை எடுக்கல.

இப்ப நோட்ட மூடிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். இதுவும் உனக்குத் தெரியாத விஷயந்தான். நீ தெனம் சாயங்காலம் போன்ல, "வூட்லதான இருக்க நைனா?"ன்னு கேக்கற, நானும் "ஆங், டிவி பாத்துகினு இருக்கேன்"ங்கறேன். டிவியப் போட்டு எத்தன மாசம் ஆச்சோ. உங்கம்மா போனதுல இருந்து எனக்கு வூடு முள்ளுதான். காத்தால எழுந்ததும் எந்த பஸ் கெளம்புதோ அதுல ஏறிடுவேன். ஒருநாள் பள்ளிப்பட்டு, ஒருநாள் பொதட்டூர்பேட்டை. எறங்கி ஒரு டீ, வந்த பஸ்லயே திரும்பி வருவேன். பொதட்டூர்பேட்டையில வூட்டுக்கு வூடு தறி சத்தம் கேக்கும், அது எனக்கு நல்லா இருக்கும், மனசுக்குள்ள ஓடற பேச்சு காதுல விழாது. கண்டக்டர் பையன், "இன்னா பெரியவரே, ரூட்டு செக் பண்றியா?"ன்னு கிண்டல் பண்ணுவான். பஸ்ல உக்காந்தா என் கண்ணு ஜன்னல் பக்கம் போவாது. முன்சீட்டுல இருக்கறவங்க பின்னந்தலையத்தான் பாக்கும். ஆம்பள, பொம்பள, கொழந்த, எல்லாருதும். ஏன்னு பின்னால சொல்றேன்.

நீ ஆறாவது படிக்கறப்ப ஸ்கூல்ல ஒரு பாரம் குடுத்தாங்க. அப்பா தொழில்னு இருந்த எடத்துல நீ "கோயில் வேலை"ன்னு எழுதின. உங்கம்மா அதப் பாத்துட்டு, "மொட்டை போடறவருன்னு எழுத வேண்டியதுதான? கை தேஞ்சா பூடும்?"னு உன்னத் திட்டினா. நான்தான் விடுடீன்னேன். கோயில்ல செய்யற வேலைதான, பொய் ஒண்ணும் இல்லியேன்னு சொன்னேன். ஆனா எனக்கு வலிச்சுது. முப்பது வருஷத்துக்கு மேல அந்த முடி மண்டபத்துல குந்திக்கினு எத்தன ஊரு தலைங்க. நெல்லூர்காரங்க, சித்தூர்காரங்க, மெட்ராஸ்காரங்க. கைக்கொழந்த வீல்னு கத்துனா தெலுங்குல ஒரு பாட்டு, தமிழ்ல ஒரு பாட்டு, ரெண்டும் எனக்குத் தெரியும். ஒரு கீறல் விழாது. அப்படிப்பட்ட கைய எம் புள்ள ஒரு பாரத்துல எழுதக் கூச்சப்பட்டான். அதே புள்ள உங்கம்மா கருமாதியில அத்தன சனத்துக்கு நடுவுல நின்னு, "எங்க நைனா தன் கையால எங்கம்மாவுக்கு எடுத்தாரு"ன்னு சொல்லி அழுதப்ப, நான் வாயத் தொறக்கல. தொழில வச்சு நீ என்னைப் பெருமையாப் பேசினது அது ஒரு தடவதான். அதுவும் நான் செய்யாததுக்கு. உம் மாமன் என் ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கினான். கூச்சமா இருந்துச்சு, ஆனா கேக்க நல்லாவும் இருந்துச்சு கண்ணு. அத மறைச்சு எழுதினா இந்தக் காயிதமே வீண்.

நடந்தத சொல்றேன். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கேன்சருக்கு ரெண்டாவது ஊசி போட்டுக்கினு, சாயங்கால ரயில்ல வந்தோம். மறுநா காத்தால அவ தலகாணிய எடுத்துக்கினு வந்து என் முன்னாடி நீட்டினா. தலகாணி பூரா முடி. அவ முடி உனக்குத் தெரியும், பின்னிப் போட்டா இடுப்பு வரைக்கும் வரும். உதறிட்டு வந்துடறேன்னு நான் தலகாணிய வாங்கினேன். அவ விடல. "கொட்டறதுக்கு முன்னாடி எடுத்துடு பாவா. தெனம் பொறுக்கிக்கினு இருக்க என்னால ஆவாது"ன்னா. நான், மலைக்குப் போலாம், வேண்டுதல்னு வச்சுக்கலாம், மண்டபத்துல என் பக்கத்து ஆளு நல்லா எடுப்பான்னேன். அவளுக்குக் கோவம் வந்துடுச்சு. "சாமிக்கு ஏன் பொய்க்கணக்கு காட்டற? இது வேண்டுதல் இல்ல, வியாதி. வேற எவன் முன்னாடியும் நான் போயி குந்த மாட்டேன். நீதான் எடுக்கணும்"னா.

எங்க நைனா எனக்குக் கத்தி புடிக்கக் கத்துக் குடுத்தப்பவே சொன்னது, சொந்த வூட்டுப் பொம்பளைங்க தலையில கத்தி வைக்காதன்னு. எங்க வூட்டு வழக்கம் அது. அதத்தான் அவகிட்ட சொன்னேன். அவ சிரிச்சா. "ஊரு தலையெல்லாம் எடுக்கற, எந் தலைன்னா மட்டும் உனக்கு வழக்கம் ஞாபகம் வருதா?"ன்னா. வழக்கம்லாம் ஒரு சாக்கு கண்ணு. எனக்கு பயம். அந்த முடி என் கையால கீழ விழுந்துட்டா, அவ போவப்போறான்னு நானே கையெழுத்துப் போட்டா மாதிரின்னு தோணுச்சு. அத அவகிட்ட சொல்லியிருந்தாக்கூட அவ புரிஞ்சுக்கினு இருப்பா. சொல்லல. இன்னிக்கு கிருத்திகை, கூட்டம் இருக்கும், சாயங்காலம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டு மலைக்கு ஏறிட்டேன். அன்னிக்கு மட்டும் நாப்பது தலைக்கு மேல எடுத்தேன். அதுல பாதி பொம்பளைங்க.

மத்தியானம் சோத்துக்கு வூட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. தட்டினதும் தொறந்தா. என் பழைய கத்திய எடுத்து, புது பிளேடு ஒண்ணு ஒடச்சுப் போட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு தானே எடுத்துக்கினு இருந்திருக்கா. நாங்க எப்பவும் உச்சியில ஆரம்பிச்சு முன்னாடி எறக்கி, அப்புறமாத்தான் பின்னாடி போவோம். முப்பது வருஷம் என்கூட இருந்தவளாச்சே, அதே மாதிரி ஆரம்பிச்சிருக்கா. முன்னாடி முடிச்சிருந்தா. நாலு எடத்துல வெட்டு, ரத்தம் காது வரைக்கும் வழிஞ்சிருந்துச்சு. பின்னாடி கை எட்டல. கையத் தூக்கினா அவளுக்கு மூச்சு வாங்கும், உனக்குத் தெரியுமே. பின்னந்தலையில உள்ளங்கை அகலத்துக்கு முடி அப்படியே நின்னுச்சு. என்னைப் பாத்ததும் திட்டுவான்னு நெனச்சேன். "பின்னாடி கொஞ்சம் விட்டுப்போச்சு பாவா, அத மட்டும் எடுத்துடேன்"னா. அவ்ளோதான் கேட்டா.

நான் சந்தனம் கொழச்சு வெட்டு மேல பூசினேன். அது ஒண்ணுதான் நான் செஞ்சது. பூசிக்கினு இருக்கறப்பவே நீ வீடியோ கால் பண்ண. தல பூரா சந்தனத்தோட அவளப் பாத்துட்டு நீ பதறிப் போயி, "யாரும்மா எடுத்தது?"ன்ன. அவ என்னைத் திரும்பிப் பாத்தா. எனக்கு அந்த நேரத்துல நெலம் பொளந்து உள்ள பூடலாம்னு இருந்துச்சு. அவ உன்னைப் பாத்து, "வேற யாரு, உங்க நைனாதான். ஒரு கீறல் இல்லாம பூ மாதிரி எடுத்தாரு"ன்னா. வெட்டு எல்லாம் சந்தனத்துக்கு அடியில இருந்துச்சு, நீ எங்கிருந்து பாப்ப? நீ அழுதுக்கினே, "சூப்பர் நைனா"ன்னு சொன்ன. போனை வச்சதும் நான், ஏன்டீ அப்படிச் சொன்னன்னு கேட்டேன். "புள்ள தூரத்துல கெடக்கறான், அவனுக்கு நீ ஒருத்தனாவது கெட்டியா இருக்கணும்"னு சொல்லிட்டு சோறு போட எழுந்து பூட்டா.

பின்னாடி இருந்தத அப்பவே எடுத்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேல. கை நடுங்குது, நாளைக்கு எடுக்கறேன்னேன். மறுநா சாயங்காலம்னேன். நாலஞ்சு நாள் அவளும் ஞாபகப்படுத்தினா, அப்புறம் கேக்கறத நிறுத்திட்டா. சேலையத் தலையோட போத்திக்கினு இருந்தா. அது தானா கொட்டித் தீர்ற வரைக்கும் தெனம் ராத்திரி அவ அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பா, அந்த உள்ளங்கை அகல முடி எனக்கு நேரா இருக்கும். இப்பத் தெரியுதா, பஸ்ல நான் ஏன் பின்னந்தலையப் பாக்கறேன்னு?

அவ மார்கழியில போனா, மாசியில பாப்பா பொறந்துச்சு. பேத்திய ஒரு தடவ தூக்கிக் கொஞ்ச அவளுக்கு இல்லாமப் போச்சு. வூட்ல சாவு விழுந்தா ஒரு வருஷம் மலை ஏறக்கூடாதுன்னு நம்ம பக்கம் வழக்கம் இருக்குதே, அது எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு. ஊரே என்னைப் பாத்து, பாவம், பொண்டாட்டியும் இல்ல, வேலைக்கும் போவ முடியலன்னு உச்சு கொட்டுச்சு. கத்திய மஞ்சப் பையில சுத்தி வச்சுக்கினு சுத்தினேன். தொடவும் முடியல, வூட்ல வச்சுட்டுப் போவவும் முடியல. போன மாசம் தெவசம் குடுத்து வருஷம் முடிஞ்சுது. முடிஞ்சும் நான் ஏறல. மண்டபத்துல இருந்து ஆளு வந்து கேட்டதுக்கு முட்டி வலின்னு சொல்லிட்டேன். ஒரு வழக்கம் தீந்துச்சுன்னா இன்னொரு சாக்கு. உன் நைனா சாக்கு சொல்றதுல கெட்டிக்காரன்.

நீ போன் பண்ண மறுநா, திங்கக்கெழம, இருப்பு கொள்ளாம கனகம்மாசத்திரத்துக்கு பஸ் ஏறினேன். திருப்பதி ரோடுல எறங்கி டீக்கடை பெஞ்சுல குந்தினேன். பக்கத்துல ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், திருப்பதியில மொட்டை போட்டுக்கினு மெட்ராஸ் பக்கம் தங்கச்சி வூட்டுக்குப் போவ பஸ்ஸுக்குக் காத்துகினு இருந்தாங்க. அவங்க பின்னந்தலையில, பெடரிக்கு மேல, ரெண்டு வெரல் அகலத்துக்கு முடி விட்டுப்போயிருந்துச்சு. கூட்டத்துல அவசரத்துல நடக்கறதுதான். என் கண்ணு அத விட்டு நகரல. அவங்க சட்டுனு திரும்பி, "ஏமய்யா, ஏமி சூஸ்தாவு?"ன்னு, இன்னாய்யா பாக்கறன்னு ஒரு அதட்டல் போட்டாங்க. வயசுக்குத் தகுந்த மாதிரியா பாக்கறன்னு அடுத்தது அடிக்கவே வந்துடுவாங்க போல. நான் தெலுங்குலயே சொன்னேன், கோச்சுக்காதீங்கம்மா, பின்னாடி கொஞ்சம் விட்டுப்போயிருக்குன்னு. தடவிப் பாத்துட்டு, "அடக் கடவுளே, நேத்துல இருந்து இந்தக் கோலத்துலயா ஊரச் சுத்தறேன்!"னு அவங்களே சிரிச்சுட்டாங்க. "தெரிஞ்ச மாதிரி பேசறியே, நீ எடுப்பியா?"ன்னு கேட்டாங்க.

ஆங்னு சொன்னது நான்தானான்னு இப்பவும் சந்தேகமா இருக்குது. பக்கத்துப் பொட்டிக்கடையில பிளேடு வாங்கி, மஞ்சப் பையில இருந்த கத்தியில போட்டேன். டீக்கடைக்காரர் ஒரு சொம்புல தண்ணி குடுத்தாரு. அந்தம்மா பெஞ்சுல குனிஞ்சு குந்திக்கினு அவங்க பாட்டுக்குப் பேசிக்கினே இருந்தாங்க. வூட்டுக்காரருக்கு ஆபரேசனாம், பொழச்சுக்கினாராம், அதுக்கு வேண்டுதலாம். எனக்கு வயிறு எரிஞ்சுது கண்ணு. இவ புருஷன் பொழச்சுக்கினான், எம் பொண்டாட்டி ஏன் பொழைக்கலன்னு சாமிகிட்ட மனசுக்குள்ள சண்ட போட்டுக்கினே கத்திய வச்சேன். ஒரு சின்ன வெட்டு விழுந்துடுச்சு. முப்பது வருஷத்துல விழாதது. "அம்மா!"ன்னு கத்திட்டுத் திரும்பிப் பாத்தாங்க. நான் அழுதுகினு இருந்தேன். நடுரோடுல, லாரி பஸ்ஸெல்லாம் போவ வர, கையில கத்தியோட. "வெட்டு எனக்கு, அழுவறது நீயா?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன். பேரு கூடத் தெரியாது. தலகாணி, பிளேடு, சந்தனம், நீ போன்ல சொன்னது, எல்லாம். அவங்க ஆறுதல் ஒண்ணும் சொல்லல. "புள்ளைக்குத் தெரியுமா?"ன்னாங்க. தெரியாதுன்னேன். "சொல்லிடு. மொதல்ல இத முடி, பஸ் வந்துடும்"னு மறுபடியும் குனிஞ்சுக்கினாங்க. முடிச்சேன். அந்த ரெண்டு வெரல் அகலமும் சுத்தமாப் போனப்ப, ரொம்ப நாளைக்கு அப்புறம் கை என் கையாட்டம் இருந்துச்சு. பஸ் வந்துச்சு, ஏறிப் பூட்டாங்க. வரும்போது எனக்கு முன்சீட்டுல யாரு குந்தியிருந்தாங்கன்னு ஞாபகமே இல்ல.

சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காத. வூட்டுக்கு வந்தா மறுபடியும் அதே கொடச்சல்தான். காலையில ரெண்டு டம்ளர் எடுத்து வச்சுட்டு ஒண்ணத் திருப்பி வைக்கறேன் இன்னமும். ஆனா நேத்து படி ஏறிப் பாத்தேன். பாதியில ரெண்டு தடவ குந்தினேன், முட்டி நெசமாவே வலிச்சுது, பொய் சொன்னதுக்கு நல்லா வேணும். மண்டபத்துக்குள்ள போவல, வாசல்ல நின்னு சந்தன வாசனைய மோந்துட்டு எறங்கிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ற யோக்கியத எனக்கு இல்ல. இருந்தாலும் பெத்தவன், ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. மருமவ உன்கிட்ட சின்னதா ஏதாவது கேட்டா அன்னிக்கே செஞ்சுடு. பயமா இருந்தா, பயமா இருக்குதுடீன்னு அவகிட்டயே சொல்லிட்டு செய். வேல இருக்குது, வழக்கம் இல்ல, நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் சொல்லாத. பெருசா கேட்டத செய்யலன்னா மனசு எப்படியோ ஆறிடும். நான் மெட்ராசுக்கும் வூட்டுக்கும் அலைஞ்சேன், நெலத்த வித்தேன், ராத்திரியெல்லாம் கால் அமுக்கினேன், அதெல்லாம் எனக்கு ஞாபகத்துலயே நிக்கல. ரெண்டு நிமிஷ வேலைய செய்யாதது மட்டும் நிக்குது.

இத நீ படிச்சுட்டு என்மேல கோவப்பட்டா கோவப்படு, பேசாம இருந்தா இரு. அவ உனக்காக என்னைக் கெட்டியானவன்னு காட்டினா. நான் கெட்டி இல்லன்னு தெரிஞ்சுக்க வேண்டிய வயசு உனக்கு வந்துடுச்சு, நீயும் ஒரு புள்ளைக்கு நைனா ஆயிட்ட. சம்பந்திங்ககிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். கிருத்திகைக்கு மட்டும் வராம இருந்துடாத. இந்தக் கை வேணாம்னு தோணுச்சுன்னா, மண்டபத்துல என்னவிட நல்ல கைங்க இருக்குது, நானே பாத்து ஒருத்தர ஏற்பாடு பண்றேன். நான் பக்கத்துல சொம்பு புடிச்சுக்கினு நிக்கறேன், அழுதா பாட்டு மட்டும் பாடறேன். எனக்கு அதுவே போதும்.

ஒருவேள எல்லாத்தையும் தெரிஞ்சுக்கினும் பாப்பாவ என் முன்னாடியே குந்த வச்சீங்கன்னா, மச்சான்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லி வை. கொழந்தைய அவன் தோள்மேல சாச்சு, மொகம் அவன் பக்கமா இருக்கற மாதிரி புடிச்சுக்கணும். மத்தவங்க மாதிரி உச்சியில ஆரம்பிக்க மாட்டேன். நான் பின்னாடி இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.

உன் நைனா